டிராவல் டிரெய்லர் பயணம்: முதலில் இரவுகள், அப்புறம் பாதை

டிரெய்லர் இழுத்துக்கொண்டு கிளம்பும் பயணத்துக்குப் பெரும்பாலோர் திட்டம் போடுவது இப்படித்தான்: கூகுள் மேப்பில் இரண்டு ஊர்களைத் தட்டுவார்கள், மொத்த மணி நேரத்தை நாட்களால் வகுப்பார்கள், கணக்கு எங்கே முடிகிறதோ அங்கே தங்க இடம் தேடுவார்கள். காரில் போகிறவருக்கு இது போதும். பின்னால் ஒரு சின்ன வீடே உருண்டு வரும்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ஒவ்வொரு இரவும் எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இரவுகளை இணைப்பதுதான் பாதை.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் முதல் பயணத்தில். 430 மைலை ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று திட்டம். போய்ச் சேரும்போது இரவு ஒன்பதரை. மரங்கள் அடர்ந்த கேம்ப்கிரவுண்ட், பின்னோக்கி ஓட்டி நிறுத்த வேண்டிய சைட் (ஒரு வண்டி நின்று தங்கும் இடம்). என் மனைவி டார்ச்சோடு பின்னால் நின்றாள். பக்கக் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது, அவள் தெரியவில்லை. பைன் கிளை ஒன்று கூரை ஏசியின் மூடியில் கிறீச்சென்று உரசியது. "போதும், அப்படியே நிறுத்துங்க!" என்று அவள் கத்தியது அந்த வளாகம் முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து சைட்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து வழி காட்டினார். நிறுத்தி முடிக்க நாற்பது நிமிடம். இரண்டு மாதம் முன்பு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்குதான் அன்று எங்களை அந்த இருட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் சிகாகோவிலிருந்து ஐ-90 நெடுஞ்சாலை வழியாகத் தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா, பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி, அங்கிருந்து வயோமிங்கைக் குறுக்கே கடந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. உங்கள் பயணம் வேறு திசையில் இருந்தாலும் யோசிக்கும் முறை இதேதான்.

1. வண்டியை அளந்து எழுதி வையுங்கள்

டேப்பை எடுத்து நீங்களே அளக்க வேண்டும். டிரெய்லரின் மாடல் பெயரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பெயரில் 25 என்று இருக்கும் டிரெய்லர், டிரக்கோடு இணைக்க முன்னால் நீளும் ஹிட்ச் பகுதியையும் பின் பம்பரையும் சேர்த்தால் 29 அடி இருப்பது சாதாரணம். அதோடு இழுக்கும் பிக்கப் டிரக்கின் நீளத்தையும் கூட்டுங்கள். எங்களுடையது மொத்தம் 49 அடி. பெட்ரோல் பங்கில் திரும்ப முடியுமா, சாப்பாட்டுக் கடை வாசலில் ஒதுங்க முடியுமா என்பதையெல்லாம் இந்த எண்தான் முடிவு செய்கிறது.

உயரத்தை ஏசி மூடியின் உச்சி வரை அளக்க வேண்டும், கூரை வரை அல்ல. அகலம் பெரும்பாலும் 8 அடி அல்லது எட்டரை அடி இருக்கும். இந்த மூன்றையும் தண்ணீர் நிரப்பிய எடையையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஓட்டுநரின் வெயில் மறைப்பில் ஒட்டிவிடுங்கள். பாலத்துக்கு முன்னால் "11 அடி 6 அங்குலம்" என்று பலகை வரும்போது நினைவைத் துழாவ நேரம் இருக்காது.

தண்ணீர் எடையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கேலன் 8.3 பவுண்டுக்கு மேல். 40 கேலன் டேங்க் நிரம்பினால் 330 பவுண்டு கூடுகிறது. இரவு ஹூக்கப் (மின்சாரம், தண்ணீர், கழிவு இணைப்பு) உள்ள இடத்தில்தான் தங்கப் போகிறோம் என்றால் வழியில் கழிப்பறைக்கும் கை கழுவவும் ஆகிற அளவு தண்ணீர் இருந்தால் போதும்.

2. ஒரு நாளைக்கு எத்தனை மைல்

டிரெய்லர்காரர்களிடையே 3-3-3 என்று ஒரு கணக்கு உண்டு: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் வேண்டாம், மாலை 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், ஓர் இடத்தில் 3 இரவாவது தங்க வேண்டும். கடைசி மூன்றை நான் கறாராகப் பிடித்துக்கொள்வதில்லை. கடந்து போவதற்காக மட்டும் தங்கும் ஊரில் ஓர் இரவே போதும். முதல் இரண்டையும் விடவே மாட்டேன்.

கூகுள் காட்டும் நேரம் கார் வேகத்துக்கானது. தெற்கு டகோட்டாவில் ஐ-90-இன் வேக வரம்பு 80 மைல். டிரெய்லரோடு நீங்கள் 60 முதல் 65-க்குள்தான் இருக்க வேண்டும். டிரெய்லர் டயர்கள் பல, 65 மைல் வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. உங்களுடையது எது என்று டயரின் பக்கவாட்டில் பாருங்கள். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் 55-தான் சட்டப்படி வரம்பு. எனவே கூகுள் 4 மணி 20 நிமிடம் என்றால் நான் ஐந்தேகால் மணி என்று எழுதிக்கொள்வேன், அப்புறம் சாப்பாட்டுக்கும் எரிபொருளுக்கும் ஒரு மணி நேரம் சேர்ப்பேன்.

சிகாகோவிலிருந்து பேட்லேண்ட்ஸ் பக்கத்து ஊரான வால் வரை சுமார் 870 மைல். மூன்றால் வகுத்தால் ஒரு நாளுக்கு 290. வரைபடமும் நமக்கு ஒத்துழைக்கிறது: முதல் நாள் முடிவில் மிசிசிப்பிக் கரையில் லா கிராஸ், இரண்டாம் நாள் சூ ஃபால்ஸ், மூன்றாம் நாள் வால். மூன்றும் ஏறக்குறைய சம தூரம், மூன்றிலும் தங்க இடம் உண்டு.

ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. தெற்கு டகோட்டாவில் மர்டோ ஊரைத் தாண்டி மேற்கே போனதும் மவுண்டன் நேரம் வந்துவிடும், கடிகாரத்தில் ஒரு மணி நேரம் லாபம். திரும்பி வரும்போது அதே ஒரு மணி நேரம் போய்விடும். வரும் வழியில் அந்த நாளை மட்டும் 50 மைல் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. இரவுகளைக் குறியுங்கள்

இப்போது ஒரு தாளை எடுத்து இரவுகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "கடக்கும் இரவு" அல்லது "தங்கும் இரவு" என்று குறியுங்கள். இந்த ஒரு பிரிவினை செய்துவிட்டால் எங்கே செலவு செய்வது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பது தானே தெளிவாகிவிடும்.

கடக்கும் இரவுக்கு அழகான இடம் தேவையில்லை. நெடுஞ்சாலையிலிருந்து ஐந்து மைலுக்குள் இருக்க வேண்டும், புல்-த்ரூ சைட்டாக இருக்க வேண்டும். அதாவது முன்பக்கமாக நுழைந்து, காலையில் முன்பக்கமாகவே வெளியேறலாம். டிரக்கிலிருந்து டிரெய்லரைக் கழற்ற வேண்டியதில்லை. கேஓஏ போன்ற தனியார் கேம்ப்கிரவுண்டுகள் ஐ-90 ஓரத்தில் நிறையவே உண்டு. பணம் மிச்சமாக வேண்டும் என்றால் வால்மார்ட், கிராக்கர் பேரல் வாகன நிறுத்தங்களில் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எல்லாக் கிளைகளிலும் அனுமதி இல்லை. ஊர்ச் சட்டமே தடுக்கும் இடங்களும் உண்டு. அன்று மதியமே போன் போட்டு மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தால் ஓரமாக நிறுத்துங்கள். பந்தலை விரிக்காதீர்கள், நாற்காலி போடாதீர்கள், காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். இந்த வசதி அடுத்து வருகிறவருக்கும் இருப்பது நம் நடத்தையில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலை ரெஸ்ட் ஏரியாக்களில் இரவு தங்கும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நுழைவில் இருக்கும் பலகையைப் படியுங்கள்.

தங்கும் இரவு வேறு கணக்கு. டிரெய்லரை அங்கே விட்டுவிட்டு டிரக்கில் மட்டும் சுற்றப் போகிறோம். அதனால் பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கிற மாதிரி ஒரு மையத்தைத் தேர்ந்தெடுங்கள். மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றும் வேண்டுமா, மின்சாரம் மட்டும் போதுமா என்பதை வெயில்தான் முடிவு செய்யும். கூரை ஏசியை டிரெய்லரின் சாதாரண பேட்டரி தாங்காது, 30 ஆம்ப் இணைப்பு வேண்டும். அந்த இணைப்பு தருவது 3,600 வாட், ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் கூந்தல் உலர்த்தியையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். ஜூலை மாதப் பேட்லேண்ட்ஸ் வெயிலுக்கு நான் மின்சாரம் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். பூங்காவுக்குள்ளேயே சீடர் பாஸ் கேம்ப்கிரவுண்டில் மின்சாரம் உள்ள சைட்டுகள் உண்டு.

செப்டம்பரில் போகிறீர்கள் என்றால் கதையே வேறு. வால் ஊருக்குத் தெற்கே பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில் இலவசமாகவே தங்கலாம். மண் சுவர்களின் விளிம்பில் டிரெய்லரை நிறுத்திவிட்டுக் காலையில் கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்க இளஞ்சிவப்பாகக் கிடக்கும். அந்தக் காலைக்காக நான் எத்தனை கடக்கும் இரவுகளையும் வாகன நிறுத்தத்தில் கழிக்கத் தயார். ஆனால் அங்கே தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. கொண்டுபோனதுதான் எல்லாம். மழை வந்தால் அந்தக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு வண்டியை நகர விடாது. இரண்டு நாள் வானிலையைப் பார்க்காமல் மண் பாதையில் இறங்காதீர்கள். இறங்கும் முன் டிரெய்லரைக் கழற்றி எங்காவது விட்டுவிட்டு டிரக்கில் மட்டும் ஒரு சுற்று போய்த் திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

4. முன்பதிவு: எதை முதலில் பிடிப்பது

கிளம்பும் நாளிலிருந்து வரிசையாகப் பதிவு செய்து கொண்டே போகாதீர்கள். கிடைக்கக் கடினமான இரவை முதலில் பிடியுங்கள், மற்றதை அதன் இரண்டு பக்கமும் அடுக்குங்கள். நம் உதாரணத்தில் கடினமான இரவு யெல்லோஸ்டோன்தான். அந்தப் பூங்காவுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்றும் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க் (ஆர்வி என்றால் தங்கும் வசதியுள்ள வண்டி, நம் டிரெய்லரும் அதில் சேர்த்திதான்). கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் துணிக் கூடாரமோ, துணிச்சுவர் வைத்த டிரெய்லரோ அங்கே அனுமதி இல்லை. அங்கே மூன்று இரவு கிடைத்த தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணி வாருங்கள்; சிகாகோவிலிருந்து கிளம்பும் நாள் தானே வந்து நிற்கும்.

மத்திய அரசின் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றுக்கு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதம் முன்பு கதவு திறக்கும். திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ராணுவப் பொறியாளர் படை, அதாவது ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ், அணைகளை ஒட்டி நடத்தும் கேம்ப்கிரவுண்டுகளும் இதே தளத்தில் இருக்கின்றன. ஏரிக்கரை, அகலமான சைட், நியாயமான கட்டணம். பலர் தேடாத இடம் இது, நான் முதலில் தேடும் இடம்.

இன்னொரு எச்சரிக்கை பிளாக் ஹில்ஸுக்கு. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸ் ஊரில் மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும். லட்சக்கணக்கானோர் வருவார்கள், சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு சைட் மிஞ்சாது. அதற்காகவே போகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் அந்த இரண்டு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சைட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகள் பல, இவ்வளவு நீள டிரெய்லர்கள் வருவதற்கு முன்பு கட்டியவை. சைட் 30 அடி என்று எழுதியிருக்கும், அதற்குப் போகும் வளைவில் 30 அடி டிரெய்லர் திரும்பாது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரக்கிளை சாலைக்கு மேலே கவிந்திருக்கிறதா, பாறை ஓரத்தில் துருத்துகிறதா? சந்தேகம் என்றால் போன் போட்டு "எங்களுடையது 29 அடி, இந்த எண் சைட்டில் நுழையுமா?" என்று கேளுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும்.

5. இப்போது பாதை

இரவுகள் உறுதியான பிறகு ஒவ்வொரு இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சாலையைத் தேர்ந்தெடுங்கள். கூகுளுக்கு உங்கள் உயரம் தெரியாது. உயரம், எடை, ப்ரொப்பேன் சிலிண்டர் விவரங்களைக் கொடுத்தால் அதற்கேற்ற வழி சொல்லும் ஆர்வி செயலிகளும் ஜிபிஎஸ் கருவிகளும் இருக்கின்றன. ஆர்வி லைஃப், கார்மினின் ஆர்வி மாடல்கள் எல்லாம் அந்த வகை. அதில் ஒரு வழியையும் கூகுளில் ஒரு வழியையும் போட்டுப் பாருங்கள். இரண்டும் பிரியும் இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. ஏன் பிரிகிறது என்று கண்டுபிடிக்காமல் கிளம்ப வேண்டாம்.

மலை விஷயத்தில் பொறுமையாக இருங்கள், ஏனென்றால் தூரத்தை வைத்து மலைச்சாலையை மதிப்பிடவே முடியாது. வயோமிங்கில் பிக்ஹார்ன் மலைத்தொடரைக் கடந்து யெல்லோஸ்டோன் பக்கம் போக மூன்று சாலைகள்: யு.எஸ். 14, 14ஏ, 16. வரைபடத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். 14ஏ-இன் மேற்குச் சரிவு 10 சதவீதம் வரை செங்குத்தாக லவல் ஊரை நோக்கி இறங்குகிறது. 100 அடி போனால் 10 அடி கீழே. ஏழாயிரம் பவுண்டு பின்னாலிருந்து தள்ள, பிரேக் சூடாகிக்கொண்டே வரும். பஃபலோ ஊரிலிருந்து கிளம்பும் யு.எஸ். 16 மூன்றில் மென்மையானது. அதுவும் 9,666 அடி உயர பவுடர் ரிவர் கணவாய் வரை ஏறி, டென் ஸ்லீப் பள்ளத்தாக்கு வழியாக 5,000 அடிக்கு மேல் இறங்குகிறது. வளைவுகள் விசாலம், ஒதுங்கி நிற்க இடங்கள் உண்டு. டிரெய்லரோடு நான் இதைத் தவிர வேறு சாலையில் போக மாட்டேன். பஃபலோவிலிருந்து கோடி ஊர் வரை இந்த வழியில் சுமார் 180 மைல்தான். அன்றைக்கு அதற்கு மேல் திட்டம் வேண்டாம்.

ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும், கணவாய் உச்சியில் கால் பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். வலது ஓரத்தில் 35 மைல் வேகத்தில் போவதில் தப்பே இல்லை. இறக்கத்துக்கு, உச்சியைத் தாண்டும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கை அழுத்தியபடியே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆற விட்டு, மறுபடி அழுத்துங்கள்.

பிளாக் ஹில்ஸில் வேறு விதமான சிக்கல். நீடில்ஸ் ஹைவேயில் இருக்கும் நீடில்ஸ் ஐ சுரங்கம் சுமார் 8 அடி அகலம்தான். உங்கள் டிரெய்லரும் அதே அகலம். அயர்ன் மவுண்டன் ரோட்டிலும் குறுகிய சுரங்கங்களும் திருகிச் சுழலும் மரப்பாலங்களும் உண்டு. இரண்டுமே கட்டாயம் பார்க்க வேண்டிய சாலைகள், டிரெய்லரை கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டு. தங்கும் இரவு என்று முன்பு குறித்தோமே, அது இதற்காகத்தான். மொன்டானாவின் கிளேசியர் (பனிப்பாறை) தேசியப் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையிலும் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டி, இழுப்பதையும் சேர்த்து, போகக் கூடாது.

கிழக்குக் கடற்கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நியூயார்க் பகுதியின் பார்க்வே சாலைகளில் டிரெய்லருக்கு அனுமதி இல்லை, அவற்றின் பாலங்களும் தாழ்வானவை. பால்டிமோரில் துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கங்களிலும் நம் டிரெய்லரில் இருக்கும் அளவு ப்ரொப்பேன் சிலிண்டரோடு போகக் கூடாது. முன்பு ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்கள், அது 2024 மார்ச்சில் கப்பல் மோதி இடிந்துவிட்டது. இப்போது ஐ-695-இன் மேற்குப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

6. நடுவில் நிற்கும் இடங்கள்

டிரெய்லரோடு மைலேஜ் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேலனுக்கு 10 மைல் என்று வைத்துக்கொண்டால் 26 கேலன் டேங்க் 260 மைல். பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள், அதாவது 130 மைலுக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. உங்கள் முதுகுக்கும் அதே இடைவெளிதான் சரி. வயோமிங்கில் ஊர்களுக்கு நடுவே வெட்டவெளி நீளம் என்பதால் பங்க் இருக்கும் இடங்களை முன்பே குறித்துவிடுங்கள். பெரிய டிரக் ஸ்டாப்புகள், உதாரணமாக லவ்ஸ், பைலட் ஃப்ளையிங் ஜே, உயரமான கூரையும் சுற்றி வெளியேற இடமும் உள்ளவை.

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் டிரெய்லரைச் சுற்றி நடந்து, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பேரிங்கோ பிரேக்கோ சிக்கியிருக்கிறது, அதோடு மேலே போக வேண்டாம். காற்றழுத்தத்தை மட்டும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

7. காற்று, கையிருப்பு நாள், திரும்பும் வழி

மழையை விட டிரெய்லருக்குப் பெரிய எதிரி பக்கக் காற்று. தெற்கு டகோட்டா சமவெளியில் மறைப்பே கிடையாது. வயோமிங்கின் ஐ-80-இல் லாரமிக்கும் எல்க் மவுண்டனுக்கும் நடுவே காற்று பலமானால் லேசான, உயரமான வண்டிகளுக்குச் சாலையையே மூடிவிடுவார்கள். தேசிய வானிலை சேவையின் மணிவாரிக் கணிப்பில் காற்று வீச்சைத் தினமும் முந்தைய இரவே பார்க்கிறேன். வீச்சு 30 மைல் என்றால் விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் முடித்துவிடுவேன், 40 என்றால் நகர மாட்டேன்.

நகர மாட்டேன் என்று சொல்ல ஒரு நாள் கையில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளைத் திட்டத்தில் காலியாக விடுங்கள். அதை மலைக்கு முன்னால் வைப்பது நல்லது. நம் பயணத்தில் பிளாக் ஹில்ஸில். காற்றும் இல்லை, கோளாறும் இல்லை என்றால் குழந்தைகளுக்கு இன்னொரு நாள் ஏரியில் குளியல்.

திரும்பும் வழிக்கும் இதே அக்கறை வேண்டும். வீடு தெரிகிற தூரம் வந்ததும் 500 மைலை ஒரே மூச்சில் ஓட்டத் தோன்றும், களைப்பு கூடியிருப்பதும் அப்போதுதான். கடைசி இரவை வீட்டிலிருந்து 150 மைலுக்குள், டம்ப் ஸ்டேஷன் (கழிவு டேங்குகளைக் காலி செய்யும் இடம்) உள்ள கேம்ப்கிரவுண்டில் வையுங்கள். மாலையில் ஃபிரிட்ஜைக் காலி செய்துவிடலாம். காலையில் முதலில் கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க், அப்புறம் அந்தக் குழாயை அலசிவிடும்படி குளியல், பாத்திரத் தண்ணீர் சேரும் கிரே டேங்க், இரண்டையும் காலி செய்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம், பகல் வெளிச்சத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி அதன் இடத்தில் நிறுத்தலாம்.